மேல்தாடை விரிப்பான்கள்: எந்த வயதுக்கு எது, ஏன்?

9 வயது மகளுக்கு மேல்தாடை குறுகலாக இருக்கிறது. வலப்பக்கக் கடைவாய்ப்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உட்புறமாகக் கடிக்கின்றன. ஒரு மருத்துவர் கழற்றி மாட்டும் பிளேட் போதும் என்கிறார், மற்றொருவர் பல்லோடு ஒட்டிவைக்கும் ஹைராக்ஸ் என்ற திருகு விரிப்பான்தான் வேண்டும் என்கிறார். இரண்டில் எது சரி என்று கேட்டிருக்கும் தாயார், தமக்கும் 36 வயதில் இதே குறுகல் இருப்பதாகவும், அறுவை சிகிச்சை இல்லாமல் அதைச் சரிசெய்ய முடியுமா என்றும் கடைசி வரியில் சேர்த்திருக்கிறார். அந்தக் கடைசி வரியையும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஒரே மாதிரியான குறுகலுக்கு ஒரே கருவியை இருவருக்கும் பொருத்தினால், மகளுக்கு அது எலும்பை விரிக்கும். தாய்க்குப் பெரும்பாலும் பல்லை வெளிப்பக்கம் சாய்ப்பதோடு நின்றுவிடும்.

மேல்தாடை ஒரே எலும்பு அன்று. இடம், வலம் என்று இரண்டு பாதிகள் அண்ணத்தின் நடுக்கோட்டில் சேர்கின்றன. அந்தச் சேர்க்கையை அண்ணத் தையல் என்று சொல்லலாம். கைக்குழந்தைப் பருவத்தில் அந்தத் தையல் அகன்று, வளையாத கோடாக இருக்கும். வளர வளர அது அலைபோல் நெளிந்து, விடலைப் பருவத்தில் இரண்டு விளிம்புகளும் விரல்களைக் கோத்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளும். பிர்கிட்டே மெல்சன் 1975-இல் திசு ஆய்வில் காட்டிய இந்த வரிசைதான் இன்றும் அடிப்படை. கோத்திருக்கும் விளிம்புகளை விலக்கலாம்; எலும்புப் பாலங்கள் விழுந்து ஒட்டிய பிறகு சாதாரண விசையால் விலக்க முடியாது. இந்த மாற்றம் எல்லோருக்கும் ஒரே வயதில் நிகழ்வதில்லை. பெண்களுக்குச் சற்று முன்னதாக நிகழ்கிறது. 13 வயதிலேயே ஒட்டத் தொடங்கியவர்களும் உண்டு, இருபதுகளில் இன்னும் முழுதாக ஒட்டாதவர்களும் உண்டு. அதனால்தான் 2013-இல் ஆஞ்செலியேரியும் அவருடைய குழுவினரும் சிபிசிடி எனப்படும் முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேனில் தையலின் தோற்றத்தைப் பார்த்து ஏ முதல் ஈ வரை 5 நிலைகளாக வகுத்தார்கள். ஏ, பி நிலைகளில் எந்த விரிப்பானுக்கும் எலும்பு இணங்கும். டி, ஈ நிலைகளில் தையல் ஒரு பகுதியாகவோ முழுவதுமோ மூடிவிட்டதென்று பொருள். 9 வயதுக் குழந்தைக்கு இந்த ஸ்கேன் பொதுவாகத் தேவையில்லை, வயதே போதிய சான்று. 36 வயதில் ஸ்கேன் எடுக்காமல் விரிப்பான் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

கருவிக்குப் போவதற்கு முன், குழந்தையின் கடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வலப்பக்கம் மட்டும் கிராஸ்பைட், அதாவது மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உட்புறமாகக் கடிக்கும் குறை, என்று தெரிந்தாலும், இந்த வயதில் பெரும்பாலும் இரண்டு பக்கமுமே சம அளவில் குறுகியிருக்கும். குறுகிய மேல்தாடையும் இயல்பான கீழ்த்தாடையும் நேராகச் சந்தித்தால் கடைவாய்ப்பற்கள் முனையோடு முனை மோதும். அந்த அசௌகரியத்தைத் தவிர்க்கக் குழந்தை கீழ்த்தாடையை ஒரு பக்கம் தள்ளிக் கடிக்கப் பழகிக்கொள்கிறது. கண்ணாடிமுன் நின்று வாயை மெல்லத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கடித்திருக்கும்போது ஒரு பக்கம் விலகியிருந்த கீழ் வெட்டுப்பற்களின் நடுக்கோடு, திறக்கும்போது மேல் நடுக்கோட்டுக்கு நேராக வந்தால், அது இந்த வகைத் தள்ளல்தான். அப்படியானால் ஒரு பக்கத்தை மட்டும் விரிக்கும் கருவி தேவையில்லை. இரு பக்கமும் சமமாக விரித்தால் தாடை தானே நடுவுக்குத் திரும்பும். திறந்தாலும் நடுக்கோடு விலகியே இருந்தால் உண்மையான சமச்சீரின்மை இருக்கலாம், அதற்கு வேறு ஆய்வு வேண்டும். இந்தத் தள்ளலை ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தால் தாடை வளர்ச்சியே ஒரு பக்கமாகச் சாயக்கூடும் என்பதால்தான், மற்றப் பல் வரிசைக் குறைகளுக்குக் காத்திருக்கச் சொல்லும் மருத்துவர்கள்கூட இதை முன்னதாகவே சரிசெய்கிறார்கள்.

முதல் மருத்துவர் சொன்ன பிளேட்டை எடுத்துக்கொள்வோம். அண்ணத்தில் பொருந்தும் அக்ரிலிக் தகடு, நடுவே இரண்டாகப் பிளந்து ஒரு திருகால் இணைக்கப்பட்டிருக்கும். கடைவாய்ப்பற்களைக் கம்பிக் கொக்கிகள் பற்றியிருக்கும். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை கால் சுற்று திருகினால், ஒவ்வொரு முறையும் 0.2 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை அகலும். இதன் நன்மை, பல் துலக்கும்போது கழற்றிவிடலாம் என்பது. இதன் குறையும் அதுவேதான். சாப்பிடும்போது கழற்றிய தகடு மறுபடி வாய்க்குப் போகாமல் இரண்டு நாள் கிடந்தால் பற்கள் பழைய இடத்துக்கு நகர்ந்துவிடும், தகடு பொருந்தாது. திருகைப் பின்னுக்குத் திருப்பி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். கொக்கிகளின் பிடி அவ்வளவு வலுவானதும் அன்று. விசை கூடினால் தகடு பல்லை விட்டு நழுவும், எலும்புக்குப் போக வேண்டிய விசை வீணாகும். அதனால் பிளேட்டின் வேலை பெரும்பாலும் பற்களைச் சாய்ப்பதாகவே முடிகிறது. 8 முதல் 10 வயதுக் குழந்தைகளின் கிராஸ்பைட்டைச் சரிசெய்வதில் கழற்றும் தகட்டைவிட, பல்லில் நிலையாகப் பொருத்தும் குவாட் ஹீலிக்ஸ் கூடுதல் வெற்றி தருவதாகக் பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் மதிப்பாய்வும் சொல்கிறது. குறை மிகச் சிறியதாக இருந்து, ஓரிரு பற்கள் மட்டும் உள்ளே சாய்ந்திருந்தால் பிளேட் நல்ல கருவிதான். எலும்பே குறுகியிருக்கும்போது அதைப் பரிந்துரைக்க எனக்குக் கை வருவதில்லை.

குவாட் ஹீலிக்ஸ் என்பது கேள்வியில் இல்லாத, ஆனால் இருந்திருக்க வேண்டிய கருவி. முதல் நிரந்தரக் கடைவாய்ப்பற்களில் பேண்ட் எனப்படும் உலோக வளையங்களை ஒட்டி, அவற்றோடு அண்ணத்தை ஒட்டி ஓடும் ஒரு எஃகுக் கம்பியை இணைப்பார்கள். அந்தக் கம்பியில் 4 சுருள்கள் இருக்கும், பெயரும் அதனால் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் காஃபின் ஸ்பிரிங், பிறகு வந்த டபிள்யூ வடிவக் கம்பி ஆகியவற்றின் வழியில் ராபர்ட் ரிக்கெட்ஸ் இதை வடிவமைத்தார். திருகோ சாவியோ கிடையாது. மருத்துவர் கம்பியைச் சற்று விரித்துப் பொருத்துவார். அது மெல்ல மெல்லத் தன் வடிவுக்குத் திரும்பும்போது சில நூறு கிராம் அளவிலான மென்மையான விசையைத் தொடர்ந்து தரும். பெற்றோருக்கு வீட்டில் வேலை இல்லை, குழந்தைக்குக் கழற்றும் வாய்ப்பும் இல்லை. உள்பக்கம் திரும்பிப்போன கடைவாய்ப்பல்லைத் திருப்புவதற்கும் அதே கம்பி உதவும். விரல் சப்பும் பழக்கமுள்ள குழந்தைக்கு முன்சுருள்கள் விரலைத் தடுத்து நினைவூட்டும். நாக்கில் சில நேரம் கம்பியின் தடம் பதியும், அது கருவி எடுத்த பின் மறைந்துவிடும். முழுக்கப் பல்லை மட்டும் நகர்த்துகிறது என்று இதைச் சொல்ல முடியாது. சிறு குழந்தைகளில் இந்த மென்மையான விசைக்கே தையல் ஓரளவு விலகுகிறது. பெரிய குறுகலுக்கு மட்டும் இதன் வலு போதாது.

இரண்டாவது மருத்துவர் சொன்ன ஹைராக்ஸ் வேகமாக விரிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் கதை 1860-இல் தொடங்குகிறது. சான் பிரான்சிஸ்கோவில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர், ஒரு விடலைப் பெண்ணின் மேற்பற்களுக்கிடையே திருகு வைத்து, அண்ணம் நடுவில் விலகியதையும் முன்பற்களுக்கிடையே இடைவெளி விழுந்ததையும் எழுதினார். எலும்பு அப்படி விலகும் என்பதை அன்றைய துறையினர் பலர் நம்பவில்லை. எக்ஸ்ரே இல்லாத காலத்தில் நிரூபிக்கவும் வழியில்லை. கிட்டத்தட்ட 100 ஆண்டுகள் கழித்து, 1961-இல் ஆண்ட்ரூ ஹாஸ் அண்ணத்தில் அக்ரிலிக் மெத்தைகள் கொண்ட விரிப்பானால் அந்த முறையை மீட்டெடுத்தார். மெத்தைக்கடியில் உணவு சிக்கி அண்ணம் புண்ணாகிறது என்பதால் 1968-இல் வில்லியம் பீடர்மன் அக்ரிலிக்கே இல்லாத, கம்பியும் திருகும் மட்டும் கொண்ட வடிவத்தைக் கொண்டுவந்தார். தூய்மையாக வைத்துக்கொள்ளத்தக்கது என்ற பொருள் தரும் சொல்லிலிருந்துதான் ஹைராக்ஸ் என்ற பெயரே பிறந்தது. மெத்தை இருந்தால் விசை எலும்புக்கு நேராகப் போகும் என்று ஹாஸ் கடைசிவரை வாதிட்டார். நடைமுறையில் இரண்டுக்கும் எலும்பு விரிவில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. துலக்க எளிதாக இருப்பதால் ஹைராக்ஸ் பரவிவிட்டது. மூன்றாவது ஒரு வடிவமும் உண்டு: பேண்டுக்குப் பதிலாகக் கடைவாய்ப்பற்களின் மேற்பரப்பை அக்ரிலிக்கால் மூடி ஒட்டும் வகை. முகம் நீண்டு, கடி திறக்கும் போக்குள்ள குழந்தைகளுக்கு இதைத் தேர்வது வழக்கம், ஏனெனில் விரிக்கும்போது கடைவாய்ப்பற்கள் கீழிறங்கிக் கடி மேலும் திறப்பதை அந்த அக்ரிலிக் ஓரளவு தடுக்கும்.

வேகமான முறையில் நாளைக்கு இரண்டு கால் சுற்று, அதாவது ஏறத்தாழ 0.5 மில்லிமீட்டர் என்று 2 முதல் 3 வாரம் திருகுவார்கள். ஒரே கால் சுற்றிலேயே பல கிலோ விசை எழுகிறது. பல் நகர அவகாசம் இல்லாத அந்த வேகத்தில் தையல் விலகுகிறது. விலகல் முக்கோண வடிவில் இருக்கும்: முன்பக்கம் அகன்று பின்பக்கம் குறுகியும், பல்லருகே அகன்று மூக்கருகே குறுகியும். சில நாட்களில் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே, திருகு திறந்த அளவில் பாதியளவு இடைவெளி விழும். பெற்றோர் பதறும் இடம் இதுதான், மருத்துவர் மகிழும் இடமும் இதுதான். தையல் திறந்ததற்கு அதுவே வெளிப்படையான அடையாளம். ஈறு இழைகளின் இழுப்பால் அந்த இடைவெளி சில மாதங்களில் தானாகவே மூடிவிடும். திருகிய சில நிமிடங்களுக்கு மூக்குத் தண்டிலும் கன்னத்திலும் அழுத்தம் தெரியும், அது தணிந்துவிடும்.

திருகுவதில் ஒரு சின்ன நுட்பம் உண்டு, அது தெரியாமல் வாரக்கணக்கில் வீணாவதைப் பார்த்திருக்கிறேன். சாவியை முன்பக்கத் துளையில் செருகிப் பின்பக்கம் தள்ளி, அடுத்த துளை முழுதாகக் கண்ணில் படும்வரை கொண்டுபோக வேண்டும். அதற்கு முன்பே சாவியை உருவினால், வெளியே இழுக்கும் அசைவிலேயே திருகு பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். கைப்பிடியில்லாத சிறு சாவி கொடுத்திருந்தால் அதில் ஒரு நூலைக் கட்டி விரலில் சுற்றிக்கொள்ளுங்கள். கை தவறினால் தொண்டைக்குள் போகும்.

விரித்து முடித்ததும் கருவியை எடுத்துவிட முடியாது என்பதையும், இந்தக் கட்டத்தில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விலகிய இடத்தில் புது எலும்பு நிரம்ப 3 முதல் 6 மாதம் ஆகும். அதுவரை திருகைப் பூட்டி, கருவியை அப்படியே விட வேண்டும்; இவைதான் தாங்கும் மாதங்கள். பாடநூல்களில் வழக்கமாகக் காட்டும் ஒரு கணக்கு இங்கே தெளிவு தரும். வேகமாக 10 மில்லிமீட்டர் விரித்தால், முடிந்த அன்று அதில் 8 எலும்பு விலகியதால் வந்தது, 2 பல் நகர்ந்ததால் வந்தது. பற்களைக் கருவி பிடித்திருக்க, எலும்புப் பாதிகள் அடியில் சற்று நெருங்கிவர, 4 மாதம் கழித்துப் பார்த்தால் 5-க்கு 5 என்று வந்து நிற்கும். வாரத்துக்கு 1 மில்லிமீட்டர் என்று மெதுவாக விரித்தாலும் முடிவில் ஏறக்குறைய அதே 5-க்கு 5 தான். ஆகவே ஹைராக்ஸ் என்றால் நாளைக்கு இருமுறை திருகித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இரண்டு நாளுக்கு ஒரு கால் சுற்று என்று மெதுவாகத் திருகும் முறை சிறு குழந்தைகளுக்கு இதமானது. பள்ளிப் பருவத்துக்கு முந்தைய குழந்தைகளுக்கு வேகமான முறை கூடவே கூடாது. மூக்கின் வடிவம் மாறிவிடும் ஆபத்து இருக்கிறது. பின்வாங்கலை எண்ணி, மேல் கடைவாய்ப்பற்களின் உள்முனைகள் கீழ்ப்பற்களின் வெளிமுனைகளைத் தொடும்வரை சற்றுக் கூடுதலாகவே விரிப்பது வழக்கம்.

இவற்றை வைத்து மகளுக்கு என் விடை: ஒட்டும் கருவி. எந்த ஒட்டும் கருவி என்பது குறுகலின் அளவைப் பொறுத்தது. குறை 4 அல்லது 5 மில்லிமீட்டருக்குள் இருந்து, கடைவாய்ப்பற்கள் உட்பக்கம் திரும்பியும் இருந்தால், அல்லது விரல் சப்பும் பழக்கம் இன்னும் விடவில்லை என்றால், நான் குவாட் ஹீலிக்ஸைத் தேர்வேன். அண்ணம் உயர்ந்து குறுகி, கோரைப்பற்களுக்கு இடமில்லாமல் எலும்பே சிறுத்திருந்தால் ஹைராக்ஸை, மெதுவான திருகலோடு. ஹைராக்ஸ் என்றால் அந்த மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: எந்தப் பற்களில் பிடிமானம் எடுக்கப் போகிறார்? 9 வயதில் பால் கடைவாய்ப்பற்களின் வேர்கள் கரைந்துகொண்டிருக்கலாம். ஓராண்டுக்குள் விழப்போகும் பல்லில் பேண்ட் போட்டால் விரிப்பின் நடுவிலோ தாங்கும் மாதங்களிலோ கருவி ஆடிக் கழன்றுவிடும். எக்ஸ்ரேயில் வேர் நீளம் பார்த்து முடிவெடுப்பார்கள்; வேர் குறைவாயிருந்தால் நிரந்தரக் கடைவாய்ப்பற்களை மட்டும் பற்றும் வடிவமோ, பல பற்களை மூடும் அக்ரிலிக் வடிவமோ பொருந்தும்.

இனி தாயாரின் கேள்வி. 36 வயதில் சாதாரண ஹைராக்ஸைப் பொருத்தித் திருகினால் விசை எங்காவது போயாக வேண்டும். தையல் வழிவிடாதபோது அது பல்லுக்குப் போகும். பற்கள் வெளிப்பக்கம் சாயும், அவற்றின் வெளிப்புற எலும்புச் சுவர் மெலியும், ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும், வலியும் இருக்கும். இதைத் தவிர்க்கத்தான் அண்ண எலும்பிலேயே பிடிமானம் எடுக்கும் முறை வந்தது. அண்ணத்தில் நடுக்கோட்டின் இரு பக்கமும் பொதுவாக 4 மினி ஸ்க்ரூக்களை, அதாவது சிறு திருகாணிகளை, எலும்பில் பொருத்தி, விரிப்பானை அவற்றோடு இணைக்கும் இதை மார்ப்பி என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். கொரிய மருத்துவர்கள் 2010-இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பின் இது கவனம் பெற்றது. வான் மூன் வடிவமைத்த எம்எஸ்இ அதில் ஒரு வகை. ஸ்க்ரூக்கள் அண்ணத்தின் கீழ்ப்பரப்பை மட்டுமல்லாமல் மூக்கடித் தளத்தின் உறுதியான எலும்பையும் துளைத்துப் பிடித்தால்தான் வளையாமல் நிற்கும். அதற்கே முன்கூட்டிய ஸ்கேன் தேவை. தையல் திறந்தால், பற்களைப் பற்றும் விரிப்பானைவிட முன்னும் பின்னும் சீராகத் திறக்கிறது, பற்கள் குறைவாகவே சாய்கின்றன. ஆனால் திறக்கும் என்று உறுதி கிடையாது. வயது கூடக் கூட வாய்ப்பு குறைகிறது. சிலருக்கு ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் விலகுகிறது, ஸ்க்ரூ தளர்வதும் அதைச் சுற்றி ஈறு வீங்குவதும் உண்டு. இதைத் தொடங்குபவர், திறக்காவிட்டால் அடுத்து என்ன என்பதை மருத்துவரிடம் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பெரும்பாலும் அறுவைத் துணையுடன் விரிப்பது. மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்து, மேல்தாடையின் பக்கச் சுவர்களையும் நடுத் தையலையும் வெட்டித் தளர்த்தி, சில நாட்கள் விட்டுப் பின் விரிப்பானைத் திருகத் தொடங்குவார்கள். தாங்கும் மாதங்கள் இங்கும் உண்டு. முன்பின்னாகவும் தாடையை நகர்த்த வேண்டியவர்களுக்கு, அதே அறுவையில் மேல்தாடையைத் துண்டுகளாகப் பிரித்து அகலப்படுத்தும் வழியும் இருக்கிறது, அப்போது தனி விரிப்பானே தேவைப்படாமல் போகலாம். இன்னொரு வழியை யாரும் விளம்பரம் செய்வதில்லை: ஒன்றும் செய்யாமல் விடுவது. கடி நிலையாக இருந்து, தாடை ஒரு பக்கம் தள்ளாமல், பல் தேயாமல், ஈறு நலமாக இருந்தால் வளர்ந்தவரின் கிராஸ்பைட்டை அப்படியே விட்டு, முன்பற்களை மட்டும் ஒழுங்குபடுத்துவது மதிக்கத்தக்க முடிவு.

அலைனர் எனப்படும் கண்ணுக்குத் தெரியாத தகடுகள் வளர்ந்தவருக்குப் பல் வரிசையைச் சற்று அகலமாக்கும், அது பல் சாய்வால் வருவது. ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் அதை நம்ப வேண்டாம். கழற்றும் கருவியால் வளர்ந்தவரின் தாடை எலும்பையே வளர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேனைக் காட்டச் சொல்லுங்கள். மூச்சு பற்றியும் இதே எச்சரிக்கை. அண்ணத்தின் மேற்புறம்தான் மூக்கின் தரை என்பதால், எலும்பு விரிந்தால் மூக்குவழியும் சற்று அகலும், சில குழந்தைகள் நன்றாக மூச்சு விடுவதும் உண்டு. ஆயினும் குறட்டைக்காகவோ தூக்கத்தில் மூச்சுத் தடை வராமல் தடுப்பதற்காகவோ மட்டும், தாடை குறுகாத குழந்தைக்கு விரிப்பான் போடுவதை அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் 2019-இல் வெளியிட்ட அறிக்கை ஆதரிக்கவில்லை. மகள் வாயால் மூச்சு விடுபவளாக இருந்தால், அடினாய்டும் டான்சிலும் எப்படி இருக்கின்றன என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அந்தத் தடை நீங்காவிட்டால் விரித்த தாடை மறுபடி குறுகும் போக்கும் இருக்கும்.

வரிசை என்று கேட்டால், மகளுக்கு இந்த ஆண்டே தொடங்கலாம், அவசரச் சிகிச்சை போல ஓட வேண்டியதில்லை, ஆனால் எல்லாப் பற்களும் விழுந்து முளைக்கட்டும் என்று 13 வயதுவரை தள்ளவும் வேண்டாம். தாயார் முதலில் ஈறு மருத்துவரிடம் சென்று ஈறும் வெளிப்புற எலும்பும் எந்த நிலையில் இருக்கின்றன என்று அறிந்துகொண்டு, அதன் பிறகு சிபிசிடி எடுத்துத் தையலின் நிலையைப் பார்க்கட்டும். மார்ப்பியா, அறுவையா, விட்டுவிடுவதா என்ற பேச்சை அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கலாம்.